கொடைக்கானல் மேல்மலையில கேம்ப் போட பாட் நல்லதா, யர்ட் நல்லதா?

பூம்பாறைக்கு அந்தப் பக்கம் ஒன்றரை ஏக்கர் பழைய பூண்டு காடு இருக்கு, படிப்படியா இறங்குற நிலம், அதுல அஞ்சாறு யூனிட் போட்டு சென்னை, பெங்களூர் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடலாம்னு இருக்கேன், மரத்துல செய்யற க்ளாம்பிங் பாட், அதாவது வளைஞ்ச கூரை வச்ச சின்ன கேபின் போடலாமா இல்ல மரச்சட்டத்து மேல துணி போத்தி வட்டமா இருக்கற யர்ட் போடலாமா, யர்ட் போட்டோவுல அழகா இருக்கு, செலவும் கம்மின்னு சொல்றாங்களேன்னு தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு. மலையில கேபின், கூடாரம் போடற வேலையில இருக்கறதால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல முடிவு. ஆளுங்க தூங்கற ரூம் எல்லாம் பாட்டா போடுங்க. யர்ட் மேல அவ்வளவு ஆசை இருந்தா ஒண்ணே ஒண்ணு, எல்லாரும் உக்காந்து சாப்பிடற, பேசற பொது இடமா போடுங்க. ஆறும் யர்ட்டா போட்டீங்கன்னா ரெண்டாவது வருஷம் ஐப்பசி மழையில நீங்க துணியோட தான் மல்லுக்கட்டிட்டு இருப்பீங்க, விருந்தாளிய கவனிக்க நேரம் இருக்காது. ஏன்னு சொல்றேன்.

யர்ட் எந்த ஊர்ல பிறந்துச்சுன்னு பாருங்க. மங்கோலியா, கிர்கிஸ்தான், கஜகஸ்தான், அந்த புல்வெளி நாடு முழுக்க ஆட்டு மந்தையோட ஊர் ஊரா போறவங்க வீடு அது. கிர்கிஸ்தான் கொடியில நடுவுல வட்டமா ஒண்ணு இருக்கே, அது யர்ட்டோட உச்சியில இருக்கற கூரை வளையம் தான், அவ்வளவு மரியாதை அதுக்கு. 2013ல மங்கோலியாவோட வீடு கட்டற கலையையும், அடுத்த வருஷம் கிர்கிஸ், கஜக் யர்ட் கலையையும் யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. நான் அதை குறைச்சு சொல்லவே மாட்டேன், பல நூறு வருஷமா மைனஸ் முப்பது டிகிரி குளிர்ல ஜனங்களை காப்பாத்தின வீடு. ஆனா அந்த குளிர் காய்ஞ்ச குளிர். உலான்பாதர்ல வருஷம் முழுக்க பெய்யற மழை, பனி எல்லாம் சேர்த்தாலும் 300 மில்லிமீட்டர் வராது. கொடைக்கானல்ல 1,600 மில்லிமீட்டர் பக்கம் பெய்யுது, அது போக மழை இல்லாத நாள்லயும் மதியத்துக்கு மேல மேகம் தரையில இறங்கி வந்து உக்காந்துக்குது. ஆட்டு ரோமத்துல செஞ்ச கம்பளி சுவரு அங்க காய்ஞ்சே இருக்கும், இங்க குடிச்ச தண்ணிய வெளிய விடறதுக்கு வெயிலே கிடைக்காது, அப்புறம் பூஞ்சை தான், கூடவே நாத்தம்.

இப்ப விக்கிற யர்ட் கம்பளி இல்லையே, பிவிசி கோட்டிங் துணி தானேன்னு கேப்பீங்க. சரிதான். அமெரிக்காவுல ஓரிகன் மாநில பூங்காக்கள்ல 1990கள்லேர்ந்தே அந்த மாதிரி யர்ட் வாடகைக்கு விடறாங்க, அந்த கடலோரமும் செம மழை ஊரு தான், அங்க ஓடுதுன்னா தொழில்நுட்பம் இருக்குன்னு தானே அர்த்தம். ஆனா அங்க ஓடறது நல்ல கனமான துணி, மரத்தை நல்லா காய வச்சு பதப்படுத்தி செஞ்ச சட்டம், சுவரு தலைப்புல சுத்தி வர்ற ஸ்டீல் கேபிள், மேல கைப்பிடிய சுத்தி தூக்கற அக்ரிலிக் டோம், அது எல்லாம் ஒரே செட்டா வரும். நம்ம ஊர்ல கம்மி விலைக்கு கிடைக்கறதுல பாதி, பந்தல் துணிய வட்டமா தச்சு உள்ள ஜிஐ பைப் வச்சது, பேரு மட்டும் யர்ட். அதைப் பாத்துட்டு செலவு கம்மின்னு கணக்கு போடாதீங்க.

யர்ட் எப்படி நிக்குதுன்னு புரிஞ்சா எங்க கெட்டுப்போகும்னும் புரியும். கீழ சுவரு, குறுக்கும் நெடுக்கும் போட்ட பட்டி, விரிச்சா விரியும் மடக்குனா மடங்கும். மேல கூரை கம்பெல்லாம் சுவருலேர்ந்து உச்சி வளையத்துக்கு போகுது. கூரையோட பாரம் சுவரை வெளிப்பக்கமா தள்ளிக்கிட்டே இருக்கும், அந்த தள்ளலை தாங்கறது சுவரு தலைப்பை சுத்தி கட்டியிருக்கற ஒரே ஒரு கயிறு இல்லன்னா கேபிள். அது தளர்ந்தா சுவரு விரியும், கூரை தொங்கும், தொங்கின இடத்துல தண்ணி நிக்கும், தண்ணி நின்ன இடத்துல துணி போயிடும். மரம் ஈரத்துல உப்பும் வெயில்ல சுருங்கும், அதனால அந்த கேபிளை சீசனுக்கு ஒரு தடவையாவது டைட் பண்ணணும், இதை ஒரு ஆள் பொறுப்பா பண்ணணும். காத்துக்கு மட்டும் யர்ட் நல்லது, வட்டமா தாழ்வா இருக்கறதால காத்து முட்டி நிக்க தட்டையான முகமே கிடையாது, வழுக்கிட்டு போயிடும், ஆனா அடியில தளத்தோட நல்லா பிணைச்சிருந்தா தான். 2018 நவம்பர்ல வேதாரண்யம் பக்கம் கரை ஏறின கஜா புயல் கொடைக்கானல் மலை வரைக்கும் வந்து மரங்களை சாய்ச்சுட்டு போச்சு, அதை மறந்துட்டு யாரும் இங்க எதுவும் கட்டக்கூடாது. பாட்டும் அதே மாதிரி தான், வெறும் ஹாலோ பிளாக் மேல தூக்கி வச்சுட்டு போயிடுவாங்க, கீழ கான்கிரீட்டோட போல்ட் பண்ணச் சொல்லுங்க.

இன்னொன்னு, யர்ட் தளம். இதுல தான் நிறைய பேர் ஏமாறுறாங்க. அழகா இருக்கட்டும்னு சுவரை விட பெருசா பலகை தளம் போட்டு, அதுக்கு நடுவுல யர்ட்டை வைப்பாங்க. மழைத்தண்ணி கூரையிலேர்ந்து வழிஞ்சு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற பலகையில விழுந்து, சுவருக்கு அடியில புகுந்து உள்ள மெத்தை வரைக்கும் வரும். தளம் யர்ட்டோட விட்டத்துக்கு சரியா வட்டமா வெட்டியிருக்கணும், சுவரு துணி தளத்தோட விளிம்பை தாண்டி கீழ தொங்கணும், அப்பத்தான் தண்ணி நேரா மண்ணுல சொட்டும். உக்கார திண்ணை வேணும்னா வாசப்பக்கம் மட்டும் தனியா, ஒரு படி கீழ போட்டுக்குங்க.

சரி, உங்க நிலத்துக்கு வருவோம், எனக்கு இதுல தான் முக்கால்வாசி முடிவு ஆயிடுச்சு. ஆறு மீட்டர் விட்டம் உள்ள யர்ட்னா உள்ள 28 சதுர மீட்டர் கிடைக்கும், தாராளமா இருக்கும், ஆனா அதுக்கு எந்தப் பக்கம் அளந்தாலும் ஆறு மீட்டர் சமதளம் வேணும். சரிவு 20 டிகிரின்னு வச்சுக்குங்க, ஆறு மீட்டருக்கு மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் ரெண்டே கால் மீட்டர் பக்கம் உயர வித்தியாசம் வருது, அதாவது ஆள் உயரத்துக்கும் மேல. ஒண்ணு மண்ணை வெட்டணும், இல்லன்னா கீழ்ப்பக்கம் அவ்வளவு உயரத்துக்கு தூண் நிறுத்தணும். அதே இடத்துல மூணு மீட்டர் அகல பாட்டை சரிவுக்கு குறுக்கால, படியோட நீளத்துக்கே வச்சா அந்த வித்தியாசம் பாதியா குறைஞ்சுடும். உங்களுது ஏற்கனவே பூண்டு போட்ட படி நிலம், தாத்தா காலத்துலயே யாரோ வெட்டி கல்லு அடுக்கி வச்சிருக்காங்க, படி அகலமும் பாட்டுக்கு ஏத்த மாதிரி தான் இருக்கும், அப்புறம் எதுக்கு ஜேசிபி? மேல்மலையில ஜேசிபிய இறக்கினா அந்த மண்ணு அடுத்த மழையில கீழ் காட்டுக்காரர் தோட்டத்துல தான் போய் நிக்கும். ஒரு விஷயம் மட்டும் கவனிங்க, படியோட வெளி ஓரம் கொட்டி நிரப்பின மண்ணு, உள் ஓரம் தான் கெட்டி. பாட்டை உள் ஓரமா தள்ளி வைங்க, ஆனா பின்னாடி மண் சுவருக்கும் பாட்டுக்கும் நடுவுல ஒரு ஆள் நடக்கற மாதிரி இடம் விட்டு அதுல வாய்க்கால் போடுங்க, மேல் படியிலேர்ந்து வர்ற ஊத்து தண்ணி அது வழியா போகட்டும்.

ரோடு விஷயத்துல யர்ட்டுக்கு தான் ஜெயம், அதை மறைக்க மாட்டேன். மொத்த யர்ட்டும் மடிச்சு ஒரு பிக்கப்ல வந்துடும், ரோட்டுலேர்ந்து உங்க காட்டுக்கு தலைச்சுமையா கூட கொண்டு போகலாம். பாட் அப்படி இல்ல. பிரிட்டன்ல தொழிற்சாலையிலயே முழுசா செஞ்சு, லாரியில ஏத்தி, கிரேன்ல இறக்கி வச்சுட்டு போறாங்க, அந்த வீடியோவை பாத்துட்டு இங்க யாரும் திட்டம் போடக்கூடாது. நம்ம நாட்டுல சாதாரண லாரி அகலம் 2.6 மீட்டரை தாண்டக்கூடாது, மூணு மீட்டர் பாட்டுன்னா ஸ்பெஷல் பர்மிஷன் வாங்கணும், வாங்கினாலும் வத்தலக்குண்டு ரோட்டு வளைவெல்லாம் சுத்தி மேல வந்து, கொடைக்கானல் தாண்டி பூம்பாறை ரோட்டுல எதிர்ல பஸ் வந்தா என்ன பண்றது? அதனால பாட்டை பிரிச்சு பார்ட் பார்ட்டா கொண்டு வந்து இங்க கோக்கிற மாதிரி தான் ஆர்டர் குடுக்கணும். கோயம்புத்தூர் பக்கம் ஃபேப்ரிகேஷன் ஆளுங்க வளைவு ஃபிரேமை ஸ்டீல்ல செஞ்சு நம்பர் போட்டு அனுப்புவாங்க, இங்க நாலு ஆள் போல்ட் போட்டு நிறுத்திட்டு பலகை அடிச்சுக்கலாம். ஃபிரேம் கால்வனைஸ் பண்ணதா இருக்கணும், வெறும் பெயிண்ட் அடிச்ச இரும்பு இந்த மேகத்துல சீக்கிரம் பொரிஞ்சுடும்.

பாட்டுக்கும் வியாதி இருக்கு, வேற வியாதி. அது டைட்டா மூடின பெட்டி. ராத்திரி ஒரு ஆள் மூச்சுலயும் வேர்வையிலயும் கால் லிட்டருக்கு குறையாம தண்ணிய காத்துல விடறாரு, நாலு பேர் தூங்கினா ஒரு லிட்டர், குளிருக்கு ஜன்னலை வேற சாத்திடுவாங்க, காலையில கண்ணாடியெல்லாம் தண்ணி ஓடும், மெத்தைக்கு அடியில ஈரம் நிக்கும். எதிர் எதிர்ல மூட முடியாத சின்ன காத்து துவாரம் ரெண்டு, பாத்ரூம்ல எக்ஸாஸ்ட், கட்டிலுக்கு அடியில பலகை போடாம பட்டி பட்டியா இடைவெளி, இது மூணும் இல்லாம பாட் வாங்காதீங்க. வெளி பலகைக்கும் உள்ள இருக்கற சீட்டுக்கும் நடுவுல காத்து ஓட இடம் விட்டிருக்காங்களான்னும் பாருங்க. அப்புறம் அந்த வளைஞ்ச கூரை தரை வரைக்கும் இறங்கற டிசைன் இருக்கே, பார்க்க நல்லா இருக்கும், ஆனா தாழ்வாரமே இருக்காது, மழை நேரா கதவுல அடிக்கும், செருப்பு விடக்கூட இடமிருக்காது. முன்னாடி நாலடியாவது கூரையை நீட்டச் சொல்லுங்க, ரெண்டு நாற்காலி போட்டு மழையை பாத்துக்கிட்டே டீ குடிக்கற இடம் அது தான், அதுக்கு தான் ஜனங்க மலை ஏறி வர்றாங்க. தரையிலேர்ந்து ஒன்றரை அடியாவது தூக்கி வைங்க, தூண் தலையில தகடு போட்டா கரையான் ஏறறது குறையும், ஏறினாலும் கண்ணுக்கு தெரியும். பலகைக்கு சில்வர் ஓக் கீழ்மலை எஸ்டேட்ல தாராளமா கிடைக்கும், விலையும் பரவாயில்ல, ஆனா மருந்து ஏத்தாம போட்டா பூச்சி துளைச்சுடும்.

இன்சுலேஷனுக்கு நிறைய பேரு பஃப் பேனல், அதாவது நடுவுல ஃபோம் அடைச்ச தகடு போடறாங்க, சூடு நல்லா நிக்கும், ஆனா தீ புடிச்சா வர்ற புகை ரொம்ப மோசம், தூங்கற இடத்துல எனக்கு மனசு ஒப்பாது, ராக் வுல், அதாவது கல்லை உருக்கி செய்யற பஞ்சு போடுங்க. பிரிட்டன்ல நிறைய பாட்டுல ஆட்டு ரோமமே வைக்கிறாங்க, அது ஈரத்தை இழுத்து திரும்ப விடற குணம் உள்ளது, சுலபத்துல தீப்பிடிக்கவும் செய்யாது. உங்களுக்கு பக்கத்துல மன்னவனூர்லயே மத்திய அரசோட செம்மறி ஆடு ஆராய்ச்சி நிலையம் இருக்கு, பாரத் மெரினோ ஆடு வளர்க்கறாங்க. அந்த ரோமத்துக்கு பூச்சி மருந்து போட்டு சுவருக்குள்ள வைக்க முடியுமான்னு ஒரு தடவை போய் கேட்டுப் பாருங்க, மேல்மலை ஆட்டு ரோமம் மேல்மலை வீட்டுக்கே போனா எனக்கு அதை விட சந்தோஷம் கிடையாது.

தீன்னு சொன்னதும் இதை சொல்லியே ஆகணும். 2024ல கொடைக்கானல்ல பார்பிக்யூ கரி அடுப்பை ரூமுக்குள்ள வச்சுட்டு தூங்கின ரெண்டு பேர் காலையில உயிரோட இல்ல. மங்கோலியாவுல யர்ட்டுக்குள்ள அடுப்பு எரியுது தான், ஆனா புகைக்குழாய் உச்சி வளையம் வழியா வெளிய போகுது. பாட்டோ யர்ட்டோ, உள்ள கரி, கட்டை எதுவும் வேண்டாம், எண்ணெய் நிரப்பின எலக்ட்ரிக் ஹீட்டர் ஒரு கிலோவாட் போதும், பாட்ல அந்த சூடு நிக்கும். துணி யர்ட்ல நிக்காது, டிசம்பர் ஜனவரியில மேல்மலையில உறைபனி விழற ராத்திரிக்கு ஹீட்டர் ஓடிக்கிட்டே இருக்கணும், கரண்ட் போச்சுன்னா கொஞ்ச நேரத்துல வெளியவும் உள்ளவும் ஒண்ணு தான்.

வர்றவங்க யாருன்னு யோசிங்க. நம்ம குடும்பம் வந்தா தாத்தா பாட்டியோட வரும், ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் போக டார்ச் அடிச்சுக்கிட்டு மழையில அம்பது அடி நடக்க சொல்ல முடியாது, அதுவும் கொடைக்கானல்ல காட்டுமாடு ரோட்டுலயே நிக்கற ஊரு. பாட்ல பின் பக்கம் நேர் சுவரு எழுப்பி பாத்ரூம் வச்சுடலாம், பைப்பெல்லாம் ஒரே பக்கம் போயிடும். வட்டச் சுவருக்குள்ள பாத்ரூம் தடுக்கறது தலைவலி, ஈரமும் துணிக்குள்ளயே சுத்தும், அதனால யர்ட்டுக்கு ஒட்டின மாதிரி வெளிய தனியா கட்டி வழி விடணும், அப்ப செலவு கம்மிங்கற பேச்சே போச்சு. சத்தத்தையும் பாருங்க, ஒரு யர்ட்ல பசங்க ஸ்பீக்கர் போட்டா பக்கத்து யர்ட்ல கைக்குழந்தை எந்திரிச்சுடும், துணி சுவரு எதையும் தடுக்காது. கதவுக்கு பூட்டு போட்டாலும் சுவரு துணி தான், பொண்ணுங்க மட்டும் வர்ற குரூப் முதல்ல கேக்கறதே கதவு பூட்டுமான்னு தான். குரங்கு பிஸ்கட் வாசத்துக்கு துணிய கிழிச்சுடும், இதுக்கு மருந்தே இல்ல.

வனவிலங்கு பேச்சு அனுமதி வரைக்கும் போகும். 2021 ஜனவரியில வயநாடு மேப்பாடியில டென்ட் ரிசார்ட்டுக்கு வந்த ஒரு பொண்ணு யானை தாக்கி இறந்துச்சு, அதுலேர்ந்து மலையில துணிக் கூடாரம்னாலே அதிகாரிங்க ஒரு மாதிரி தான் பாக்கறாங்க, பாக்கறதும் நியாயம் தான். நீங்க லட்சக்கணக்குல இறக்கின யர்ட்டும் ரோட்டுலேர்ந்து பாக்கறவங்களுக்கு டென்ட் தான். அதுக்காக பாட்னா யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனைக்காதீங்க, சக்கரம் வச்சாலும் வைக்காட்டியும் வாடகைக்கு விட்டா அது தங்கும் விடுதி. கொடைக்கானல் பக்கம் நிறைய கிராமம் 1990லேர்ந்தே மலைப்பகுதி பாதுகாப்பு குழுமத்தோட கட்டுப்பாட்டுல இருக்கு, உங்க சர்வே நம்பர் அதுல வருதான்னு டிடிசிபி (நகர் ஊரமைப்பு துறை) ஆபீஸ்ல பாருங்க, பட்டா வகைப்பாடு, காட்டு எல்லைக்கு எவ்வளவு தூரம், வனத்துறை என்ஓசி, பஞ்சாயத்து, அப்புறம் சுற்றுலாத்துறையில கேம்பிங் நடத்தறவங்க பதிவு, எல்லாத்தையும் காகிதத்துல முடிச்சுட்டு தான் அட்வான்ஸ் குடுக்கணும். ப்ரோக்கர் யாராவது மொதல்ல போடுங்க அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னா அந்த ஆளை விட்டு விலகிடுங்க.

காசு கணக்கு சுருக்கமா. யர்ட் போட முதல் செலவு கம்மி, ஆனா துணி தேயற பொருள். நல்ல பிவிசி துணி பராமரிச்சா பத்து வருஷம் இழுக்கலாம், காட்டன் கேன்வாஸ்னா இந்த ஈரத்துல மூணு நாலு வருஷத்துக்கு மேல நான் நம்ப மாட்டேன். பாட் முதல்ல கடிக்கும், அப்புறம் வருஷா வருஷம் எண்ணெய் பூச்சு, பாசி சுரண்டறது, அவ்வளவு தான். அதை விட முக்கியம், மழை சீசன்ல பாட் ஓடும், யர்ட்டை மூடி வைக்கணும். 2024 மே மாசத்துலேர்ந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்தாச்சு, மே மாச கூட்டத்தை மட்டும் நம்பி வருஷத்தை ஓட்டற காலம் இல்ல, ஜூலைலயும் நவம்பர்லயும் மேகம் பாக்க வர்ற ஆளுக்கு காய்ஞ்ச மெத்தை குடுக்க முடிஞ்சா தான் தொழில் நிக்கும். வாடகை ராத்திரிக்கு 7,500 ரூபாய்க்குள்ள இருந்தா இப்ப ஜிஎஸ்டி 5 சதவீதம், தாண்டினா 18, ரேட் வைக்கும்போது ஆடிட்டர்கிட்ட உக்காந்து பேசிடுங்க.

நிலம் இன்னும் கீழ, ஏலகிரி மாதிரி ஆயிரத்து நூறு மீட்டர் உயரத்துல இருந்தா கொஞ்சம் வேற மாதிரி பேசுவேன், அங்க மழை கம்மி, ஆனா மே மாசம் டோம் வழியா வெயில் இறங்கி யர்ட் அவிச்சு எடுத்துடும், ஏசி போட்டா குளிர்ச்சி துணி வழியா போயிடும். மங்கோலியாவுல கோடையில சுவரோட அடிப்பக்கத்தை தூக்கி சுருட்டி விடுவாங்க, கொசுவலை அடிச்சுட்டு நாமளும் அதை செய்யலாம். அங்க பாதி பாட், பாதி யர்ட்டுன்னு யோசிக்கலாம்.

உங்க இடத்துல நான் செய்யறதா இருந்தா, முதல் வருஷம் மூணு பாட் தான். ரெண்டு பாட் 3க்கு 5 மீட்டர், ஒரு ஜோடி இல்ல ரெண்டு பெரியவங்க ரெண்டு குழந்தைக்கு. ஒண்ணு கொஞ்சம் நீளம், பெரியவங்களுக்கு படி இல்லாம சாய்வு வழியோட. ரோட்டுக்கு பக்கத்துல நல்லா வெயில் விழற, மேல மரக்கிளை எதுவும் தொங்காத அகலமான படி ஒண்ணு இருந்தா அதுல தான் அந்த யர்ட், ஜனவரிலேர்ந்து மே வரைக்கும் விரிச்சு வச்சுட்டு ஜூன்ல பிரிச்சு காய வச்சு உள்ள எடுத்து வைங்க. பிரிச்சு எடுத்துட்டு போறதுக்காகவே பிறந்த வீடு அது, அதோட குணத்துக்கு அது தான் மரியாதை. ஜனவரி, பிப்ரவரியில வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கும், டோமுக்கு அடியில பத்து பேர் படுத்து நட்சத்திரம் பாக்கலாம், அந்த போட்டோ தான் உங்க விளம்பரம், புக்கிங் ஆகறது பாட்.

எந்த யூனிட் வாங்கறதுக்கும் முன்னாடி தண்ணி எங்கேர்ந்து வருது, கழிவு எங்க போகுதுன்னு முடிவு பண்ணுங்க, செப்டிக் டேங்க் உங்க ஊத்துக்கு கீழ்ப்பக்கம் இருக்கணும், கீழ் காட்டுக்காரர் ஊத்துக்கு மேல இருக்கக்கூடாது. இந்த ஐப்பசி, கார்த்திகையில ஒரு நல்ல மழை நாள்ல குடையோட போய் தண்ணி எந்த படியில நிக்குது, எது வழியா ஓடுதுன்னு பாருங்க, மழையில சுண்ணாம்பு பொடியில கோடு போட முடியாது, குச்சி நட்டு வச்சுட்டு வாங்க. படி அகலம், சரிவு, அந்த குச்சிங்க இருக்கற இடம் மூணையும் ஒரு பேப்பர்ல வரைஞ்சு அனுப்புங்க தம்பி, எந்த படியில எதை வைக்கலாம்னு பாத்து சொல்றேன்.